நீரை மட்டும் சோதித்துவிட்டுப் போகாதீர்கள்

சுரங்கக் கழிவு வெளியேற்றத்துக்கு அனுமதி வழங்கும் மதிப்பீட்டுக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

மலையடிவாரச் சுரங்கத்தின் கழிவுத் தேக்கத்தை, அதாவது தாது பிரித்தபின் மிஞ்சும் கழிவைத் தேக்கிவைக்கும் அணையை, உயர்த்திக்கொள்ளவும், அதில் வழியும் நீரை ஆற்றில் விடவும் கொடுத்திருந்த அனுமதியை நீட்டித்திருக்கிறீர்கள். அந்த ஆணையை முதல் பக்கம் தொடங்கிக் கடைசி இணைப்பு வரை படித்தேன். சுரங்கத்தைச் சுற்றியுள்ள ஊர்கள், காடு, கிணற்று நீர், தூசி, லாரிப் போக்குவரத்து எல்லாவற்றுக்கும் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறீர்கள். ஆறு கடலில் சேரும் இடத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. கழிமுகம் ஆய்வு எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று சொல்லி அந்த வரி முடிந்துவிடுகிறது. அந்த வரிக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் அந்த எல்லைக்கு வெளியே வாழ்கிறவன். பிறந்தது, வளர்ந்தது, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் அறிவியல் கற்பித்தது எல்லாம் கழிமுகக் கரையில்தான். கடல்நீர் இறங்கும் வற்றத்தின்போது வெளிப்படும் சேற்றுத் திட்டில் மட்டி எடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றிய பெண்களில் என் அம்மாவும் ஒருவர். சேற்றில் குதிகாலை ஊன்றி ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, அடியில் மட்டி இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். அவர் சொல்லித் தோண்டிய இடத்தில் ஏமாந்ததாக எனக்கு நினைவில்லை. கடைசி ஆண்டுகளில் அதே திட்டில் நடந்து, அழுத்தி, நின்று, மறுபடி நடந்து, வெறும் கூடையோடு திரும்பினார். “சேறு செத்துப்போச்சு” என்று ஒருநாள் சொன்னார். அறிவியல் படித்தவனாகிய நான் அன்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மட்டி வேறு திட்டுக்கு நகர்ந்திருக்கும் என்று அவருக்கே விளக்கம் சொன்னேன். அந்த விளக்கத்துக்காக இப்போது வருந்துகிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களைச் சேற்றுத் திட்டுக்கு அழைத்துப்போவேன். மீட்டர் அளவில் கட்டிய சதுரக் கயிற்றுச் சட்டத்தைச் சேற்றில் வைத்து, உள்ளே எத்தனை நண்டு வளைகள் என்று எண்ணச் சொல்வேன். தொடக்கத்தில் பிள்ளைகள் எண்ணி முடிக்கும் முன்பே ஓதம் ஏறிவிடும்; பாதியில் ஓடிவருவோம். நான் ஓய்வு பெறும் காலத்தில், எண்ணுவதற்கு ஒன்றுமே இல்லாத சட்டங்களில் பிள்ளைகள் சுழியம் என்று எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். அந்தக் குறிப்பேடுகள் என்னிடம் இருக்கின்றன. பிழைகள் உண்டு, கையெழுத்தும் பிள்ளைக் கையெழுத்துதான். ஆனால் அந்தத் திட்டில் என்ன இருந்தது, எப்போது குறையத் தொடங்கியது என்பதற்கு அவற்றைத் தவிர வேறு ஆவணம் எதுவும் யாரிடமும் இல்லை. உங்கள் கோப்பிலும் இல்லை.

எல்லாப் பழியையும் சுரங்கத்தின் மேல் போட நான் வரவில்லை. ஆற்றில் ஊர்ச் சாக்கடையும் கலக்கிறது. மேலே அணை கட்டியபின் நன்னீர் வரத்தும் குறைந்தது. எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. சேற்றை எடுத்துச் சோதித்தால் பிரித்துச் சொல்ல முடியும். அதைச் செய்யும் அதிகாரமும் கருவிகளும் உள்ள நீங்கள் செய்யவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

நீங்கள் செய்வது என்ன என்பதையும் பார்த்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு வண்டி வரும். பாலத்தின் நடுவில் நிற்கும். ஒருவர் கயிற்றில் கட்டிய புட்டியை இறக்கி, மேல்மட்ட நீரை எடுத்து, மூடி போட்டு, பெட்டியில் வைத்துக்கொண்டு போய்விடுவார். கடல் ஏற்றமா வற்றமா என்று அவர் பார்த்து நான் கண்டதில்லை. ஏற்றத்தின் உச்சியில் பாலத்துக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் கடல் நீர். கடலைச் சோதித்துவிட்டு ஆறு சுத்தமாக இருக்கிறது என்று எழுதிவைத்திருக்கிறீர்கள். அந்த ஊழியரைக் குறை சொல்லவில்லை. அவர் கையில் கொடுத்தனுப்பிய படிவத்தில் சேறு என்ற கட்டமே கிடையாது.

கழிமுகம் ஆற்றின் வால் என்று நினைத்துவிடாதீர்கள். அது வருவதைப் பிடித்துவைக்கும் பொறி. ஆற்றில் மிதந்து வரும் நுண்ணிய களிமண் துகள்கள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. நன்னீரில் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு நாள்கணக்கில் மிதக்கும். உப்புநீர் லேசாகக் கலந்த உடனே அந்த மின்னேற்றம் அடங்கிப்போகிறது; துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகி அடியில் இறங்குகின்றன. செம்பு, ஈயம், துத்தநாகம், ஆர்செனிக் எல்லாம் பெரும்பாலும் இந்தத் துகள்களின் மேல் ஒட்டிக்கொண்டு வருபவை. ஆகவே நூறு கிலோமீட்டர் தொலைவில் கொட்டிய கழிவு, வழியில் தங்கியது போக மீதி வந்து, கடைசி சில கிலோமீட்டரில் படிகிறது. மேலே நீர் தெளிகிறது. கீழே சேறு நிறைகிறது. நீர் எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் சுமை சேற்றில் இறங்கியிருக்கலாம். சுரங்கத்தை மையமாக வைத்துக் காகிதத்தில் வட்டம் போட்டால் இது தெரியாது. கழிவு வட்டமாகப் பரவுவதில்லை. ஆற்றின் வழியே போகிறது.

அமில நீரின் கதையும் இதுதான். தாதுவோடு வெட்டியெடுக்கும் பாறையில் பைரைட் என்னும் இரும்பு சல்பைடு இருந்தால், காற்றும் நீரும் பட்டவுடன் அது கந்தக அமிலமாகவும் கரைந்த இரும்பாகவும் மாறத் தொடங்குகிறது. சில பாக்டீரியாக்கள் அந்த வேலையைப் பன்மடங்கு விரைவாக்குகின்றன. அமிலம் பாறையிலுள்ள மற்ற உலோகங்களையும் கரைத்து இழுத்துக்கொண்டு வருகிறது. அது காரத்தன்மையுள்ள கடல்நீரைச் சந்திக்கும் இடத்தில் அமிலம் தணிந்து, இரும்பு காவி நிறப் படலமாகப் படிகிறது. அந்தப் படலம் கல், வேர், சிப்பி ஓடு என்று எதையும் விடுவதில்லை. எங்கள் படகுத்துறைக் கற்களில் அந்தக் காவி நிறத்தை நகத்தால் சுரண்டி எடுக்கலாம். முதல்முறை பார்த்தபோது துருப்பிடித்த சங்கிலியின் கறை என்று நினைத்தேன். சங்கிலியே இல்லாத கல்லிலும் அது இருந்தது.

அலையாத்தி மரங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சேற்றில் காற்று கிடையாது. அதனால் சேற்றுக்கு மேலே நீட்டிய மூச்சு வேர்களின் நுண்துளைகள் வழியாகத்தான் அவை சுவாசிக்கின்றன. கழிவு வண்டல் விரைவாகப் படிந்து அந்தத் துளைகளை மூடினால் நஞ்சு எதுவும் தேவையில்லை. மூச்சடைத்தே மரம் சாகும். எங்கள் வடகரையில் நின்றபடியே காய்ந்துபோன மரங்களின் அடியைத் தோண்டிப் பார்த்தேன். மூச்சு வேர்களின் நுனிகள் வழவழப்பான சாம்பல் நிற வண்டலுக்குள் முழுவதுமாகப் புதைந்து கிடந்தன.

உங்கள் ஆணையில் என்னை மிகவும் கலங்கவைத்த இடம் செம்பின் அளவைப் பற்றியது. ஆற்றுநீரில் உள்ள செம்பு குடிநீர் வரம்புக்குள் இருப்பதால் பாதகமில்லை என்று முடிவு செய்திருக்கிறீர்கள். குடிநீரில் செம்புக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழிகாட்டு அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராம், அதாவது 2,000 மைக்ரோகிராம். அது மனிதருக்கு. சிப்பி, மட்டி இனங்களின் கருக்களோ லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கும் குறைந்த செம்பிலேயே பாதிக்குப் பாதி உருக்குலைந்து போவதை ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். நீங்கள் பாதுகாப்பானது என்று முத்திரை குத்திய நீரில், முழுதாக வளர்ந்த மட்டி உயிரோடு இருக்கலாம். அதன் குஞ்சுகள் பிறக்காது. ஒரே நாளில் எதுவும் செத்து மிதக்காது, நாற்றம் எடுக்காது, செய்தியாகவும் ஆகாது. பழைய மட்டிகளை எடுத்து முடிக்கும்வரை யாருக்கும் தெரியாது. அதன்பின் ஒரு பெண் வெறும் கூடையோடு வீடு திரும்புவாள். என் அம்மாவுக்கு நடந்ததற்கு இதுவே காரணம் என்று அடித்துச் சொல்ல என்னிடம் சோதனை முடிவு இல்லை. ஆனால் அப்படி நடக்க வழியுண்டு என்று தெரிந்தும், நீரை மனிதனுக்கான அளவுகோலால் மட்டும் அளந்துவிட்டு எழுந்து போவது நியாயமா?

நீர் பெருகி வரும்போது எல்லாம் நீர்த்துப்போகும் என்ற வாதத்தை விசாரணைக் கூட்டத்தில் கேட்டேன். சேற்றில் படிந்தது நீர்த்துப்போவதில்லை, காத்திருக்கிறது. காற்றில்லாத ஆழத்தில் பல உலோகங்கள் சல்பைடாகக் கட்டுண்டு கிடக்கும், உண்மைதான். புயல் கிளறினாலோ, படகுப் பாதைக்காகத் தூர்வாரினாலோ, அந்தச் சேறு மறுபடி காற்றைக் காணும், கட்டு அவிழும். காட்மியம் இன்னும் வேறு மாதிரி. உப்பு கூடக் கூட அது துகளை விட்டுக் கழன்று, குளோரைடோடு சேர்ந்து நீருக்குள் திரும்புகிறது. பாதரசமோ காற்றில்லாச் சேற்றில் வாழும் பாக்டீரியாக்களால் மெத்தில் பாதரசமாகி, புழுவிலிருந்து மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும், அங்கிருந்து மனிதருக்கும் படிக்குப் படி கூடிக்கொண்டே ஏறுகிறது.

நான் சொல்வதற்குச் சான்று உலகமெங்கும் சேற்றிலேயே எழுதிக் கிடக்கிறது. ஸ்பெயினின் தென்மேற்கே ரியோ டின்டோ, ஓடியேல் ஆறுகள் கூடும் வெல்வா கழிமுகத்தில் துளையிட்டு எடுத்த வண்டலில், ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய சுரங்க மாசைக் கண்டுபிடித்தார்கள். அந்தச் செம்பை வெட்டியவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. அவர்கள் விட்ட கழிவு எங்கே போனது என்று சேறு சொல்கிறது.

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஃபால் கழிமுகத்தின் ஒரு கிளை ரெஸ்ட்ராங்கெட் சிற்றோடை. பழைய செம்பு, வெள்ளீயச் சுரங்கங்களின் வடிகால் அதுதான். அங்கே ஒரு கிலோ வண்டலில் 2,000 மில்லிகிராமுக்கும் மேல் செம்பு இருக்கிறது. வேறிடத்துப் புழுக்கள் தாங்காத செம்பை அங்குள்ள சேற்றுப்புழுக்கள் தலைமுறை தலைமுறையாகப் பழகித் தாங்குகின்றன என்று 1970-களின் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார்கள். உயிர் தாங்கிக்கொள்கிறதே என்று இதை நல்ல செய்தியாகச் சிலர் சொல்லக்கூடும். அந்தப் புழுவின் உடலே செம்பு ஏறிய இரை. அதைத் தின்னும் மீனும் உள்ளான் பறவையும் பழகிக்கொள்ள அவற்றுக்கு அத்தனை தலைமுறைகள் கிடைக்கவில்லை. அதே ஓடையில்தான் 1992 ஜனவரியில் வீல் ஜேன் சுரங்கத்தின் அமில நீர் உடைத்துக்கொண்டு வந்து கழிமுகத்தைக் காவி நிறமாக்கியது. சுரங்கம் இயங்கும்போது அல்ல. 1991-இல் மூடி, நீர் இறைக்கும் பம்புகளை நிறுத்திய பிறகு. மூடிய சுரங்கத்துக்கும் காவல் வேண்டும் என்பதை அந்த மக்கள் அப்படிக் கற்றார்கள்.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவின் மேற்குக் கரையில் மவுன்ட் லயல் செம்புச் சுரங்கம் 1994 வரை ஏறத்தாழ 10 கோடி டன் கழிவைக் குயீன், கிங் ஆறுகளில் விட்டது. கிங் ஆறு மக்குவாரி துறைமுகத்தில் சேரும் இடத்தில் அந்தக் கழிவே ஒரு புதுக் கழிமுகத் திட்டாக எழுந்து நிற்கிறது. பாப்புவா நியூ கினியின் போகன்வில் தீவிலுள்ள பங்குனா செம்புச் சுரங்கம் 1989-இல் நின்றது. அது ஆற்றுப் பள்ளத்தாக்கில் தள்ளிய கழிவு 100 கோடி டன்னுக்கும் மேல். மழை பெய்யும்போதெல்லாம் அது இன்னும் கடலை நோக்கி நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

பிரேசிலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2015 நவம்பர் 5 அன்று ஃபுண்டாவ் கழிவு அணை உடைந்து 19 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 4 கோடி கனமீட்டர் கழிவு வெளியேறி, டோசி ஆற்றில் 600 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, இரண்டு வாரத்துக்குச் சற்று மேலான காலத்திலேயே அட்லாண்டிக் கடலில் கலந்தது. 2016 பிப்ரவரியில் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய கடலில் மீன்பிடிக்க நீதிமன்றம் தடை விதித்தது. முகத்துவாரத்து மீனவர்கள் அந்த அணையைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். எந்த ஆய்வு வட்டம் 600 கிலோமீட்டரைத் தொடும்? நம்முடைய சுரங்கத்தின் தேக்கம் நாளை உடையும் என்று நான் சொல்லவில்லை. உடைந்தால் இரண்டு வாரத்தில் வருவது, உடையாவிட்டால் இருபது ஆண்டுகளில் வருகிறது. வந்து சேரும் இடம் ஒன்றே.

அதே பிரேசிலில் 270 உயிர்களைப் பறித்த புருமாடினோ கழிவு அணை உடைப்பு 2019 ஜனவரியில் நடந்தது. அதன் பிறகு 2020 ஆகஸ்டில் சுரங்கக் கழிவு மேலாண்மைக்கான உலகத் தரநிலை வெளியானது. பாதிக்கப்படும் மக்களின் உரிமைகளை மதிப்பதுதான் அதன் முதல் கொள்கை. உங்கள் ஆணையும் அந்தத் தரநிலையைப் பின்பற்றுவதாகக் கூறுகிறது. ஆனால் பாதிக்கப்படும் மக்கள் யார் என்ற பட்டியலில் கழிமுகத்தில் வலை வீசுகிறவர்களும் மட்டி எடுப்பவர்களும் இல்லை. விசாரணைக் கூட்டம் சுரங்கத்துக்கு அருகே நடந்தது. எங்களுக்கு அறிவிப்பு வரவில்லை. நான் செய்தித்தாளில் பார்த்துவிட்டு வந்தேன். பேச எழுந்தபோது, நீங்கள் ஆய்வு எல்லைக்குள் வசிப்பவரா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். மூன்று நிமிடம் என்றார்கள். சொல்லி முடிக்காததை இப்போது எழுதியிருக்கிறேன்.

இனி நாங்கள் கேட்பது.

கழிமுகத்தை ஆய்வு எல்லைக்குள் கொண்டுவந்து திருத்திய ஆணையை வெளியிடுங்கள். எல்லையை வட்டமாகப் போடாமல், சுரங்கத்திலிருந்து முகத்துவாரம் வரை ஆற்றின் வழியே போடுங்கள். அந்த ஆய்வு முடியும்வரை தேக்கத்தை உயர்த்தும் வேலையை நிறுத்திவையுங்கள். சுரங்கத்தையே மூடச் சொல்லவில்லை. அங்கே வேலை செய்கிறவர்களும் எங்களைப் போன்றவர்கள்தான். ஆனால் உயர்த்திய பிறகு ஆராய்வதில் பொருளில்லை.

வற்றத்தில் வாருங்கள், சேற்றை எடுங்கள். உலோகங்கள் அதிகம் ஒட்டுவது 63 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நுண்ணிய துகள்களில் என்பது உங்கள் ஆய்வாளர்களுக்குத் தெரியும். அந்தப் பகுதியைத் தனியே சலித்துச் சோதிக்கச் சொல்லுங்கள். சில இடங்களிலாவது குழாய் இறக்கி ஆழ வண்டலை எடுத்து, இயற்கைக் கதிரியக்க ஈயம் சிதைந்து குறைவதை வைத்துக் காலம் கணிக்கும் ஈயம்-210 முறையில் அதன் காலத்தைக் கணியுங்கள். சுரங்கம் வருவதற்கு முன் இந்தச் சேறு எப்படி இருந்தது, எந்த ஆண்டிலிருந்து மாறியது என்பது அதில் தெரியும். அணையா, சாக்கடையா, சுரங்கமா என்ற சண்டைக்கும் அதில் விடை இருக்கிறது. எங்களுக்கு எதிராக விடை வந்தாலும் ஏற்றுக்கொள்கிறோம்.

வெளியேற்றும் நீருக்குக் குடிநீர் வரம்பை வைப்பதை விட்டுவிட்டு, கழிமுகத்தில் முட்டையிடும் உயிர்களுக்கான வரம்பை வையுங்கள். மட்டியையும் சிப்பியையும் மீனையும் ஆண்டுதோறும் சோதித்து, உண்ணத் தகுந்தவையா என்று எங்கள் மொழியில் படகுத்துறையில் எழுதி ஒட்டுங்கள். கெட்ட செய்தியாக இருந்தாலும் ஒட்டுங்கள். தூர்வாரும் எந்த வேலைக்கும், அந்தச் சேற்றைச் சோதித்த பிறகே அனுமதி கொடுங்கள்.

சுரங்கம் மூடியபின் அமில நீரைச் சுத்திகரிக்கும் செலவுக்கான முழுத் தொகையையும் இப்போதே பிணையாகக் கட்டச் செய்யுங்கள். நிறுவனம் போய்விடும், சேறு இங்கேயே இருக்கும்.

அடுத்த விசாரணைக் கூட்டத்தைக் கழிமுகக் கரையில் நடத்துங்கள். மட்டி எடுக்கும் பெண்களுக்கு நேரடியாக அறிவிப்பு அனுப்புங்கள். வற்றம் அவர்களுடைய வேலை நேரம், ஆகவே கூட்டத்தை ஏற்ற நேரத்தில் வையுங்கள். மூன்று நிமிடக் கணக்கு வேண்டாம்.

என் மாணவர்களின் குறிப்பேடுகளை உங்கள் ஆய்வாளர்களிடம் ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தர வேண்டும். இந்தக் கோரிக்கைகள் ஒவ்வொன்றுக்கும், ஏற்கிறீர்களா மறுக்கிறீர்களா, மறுத்தால் ஏன் என்று 60 நாட்களுக்குள் எழுத்தில் பதில் கேட்கிறேன்.

இப்படிக்கு,
கழிமுகக் கரையில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர்